இரண்டாண்டுப் படிப்பு: அடுத்த படி எங்கே இருக்கிறது?

மே மாதத்தில் தேர்வு முடிவு வந்த நாள் தொடங்கி, புதுக்கோட்டை மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளை இருக்கும் வீடுகளில் ஒரே பேச்சுதான்: அடுத்து எதில் சேர்ப்பது? மதிப்பெண் நன்றாக வந்தால் டிகிரி, குறைந்தால் டிப்ளமா, அதற்கும் கீழே போனால் ஐ.டி.ஐ. என்று பலர் மனத்தில் ஒரு வரிசை பதிந்து கிடக்கிறது. அந்த வரிசைப்படியே முடிவெடுப்பதால் நல்ல வழி ஒன்று பல பிள்ளைகளின் கண்ணிலேயே படாமல் போகிறது. இரண்டாண்டில் முடியும் படிப்பு மதிப்பெண் குறைந்தவர்கள் ஒதுங்கும் திண்ணை என்ற எண்ணத்தை விடுங்கள். சரியாகத் தேர்ந்தெடுத்தால் அது மேலே ஏறும் ஒரு படி. இந்த அத்தியாயத்தின் வாதம் இவ்வளவுதான். ஆனால் எல்லா இரண்டாண்டுப் படிப்பும் படி ஆகிவிடாது. சிலவற்றுக்கு மேலே அடுத்த படி கட்டப்பட்டிருக்கிறது. சிலவற்றுக்கு மேலே வெறும் சுவர்தான். எது எது என்று பிரித்தறியத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் பயம் பெரும்பாலும் கணக்குத் தெரியாமல் வருவது. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை பிளஸ் 1, பிளஸ் 2 படித்துப் பொறியியலில் சேர்ந்தால் பட்டம் வாங்க ஆறு ஆண்டு ஆகும். அதே பிள்ளை பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமா முடித்து, நேரடி இரண்டாமாண்டுச் சேர்க்கையில், அதாவது எல்லோரும் சொல்லும் லேட்டரல் என்ட்ரியில், பி.இ. சேர்ந்தால் இன்னும் மூன்றாண்டு. அதுவும் ஆறு ஆண்டுதான். ஒரு வருஷம்கூட வீணாகவில்லை. முதல் பிள்ளைக்கு ஆறாம் ஆண்டு முடிவில்தான் கையில் ஒரு தொழில் சான்று வருகிறது. இரண்டாம் பிள்ளைக்கு மூன்றாம் ஆண்டு முடிவிலேயே வந்துவிடுகிறது. நடுவில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனாலோ, இரண்டு வருஷம் மழை பொய்த்தாலோ, இரண்டாம் பிள்ளை வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கலாம், பிறகு படிப்பைத் தொடரலாம். முதல் பிள்ளை நடுவில் நின்றால் பிளஸ் 2 சான்றிதழோடு நிற்க வேண்டியதுதான்.

பிளஸ் 2 முடித்துவிட்டவர்களுக்கும் வழி உண்டு. உரிய அறிவியல் பாடங்களையோ தொழிற்பிரிவையோ எடுத்துத் தேறியவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். அவர்களுக்கு டிப்ளமா இரண்டே ஆண்டுப் படிப்பு. இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கும் இதே வாசல் திறந்திருக்கிறது. ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீசியன், மோட்டார் மெக்கானிக் போன்ற பிரிவுகள் இரண்டு ஆண்டு, வெல்டர் ஓராண்டு. ஆக, பத்தாம் வகுப்புக்குப் பின் ஐ.டி.ஐ. இரண்டு, டிப்ளமா இரண்டு, பி.இ. மூன்று என்று ஏழாண்டில் ஒரு ஃபிட்டர் பொறியாளர் ஆகலாம். நேர்வழியைவிட ஓராண்டுதான் கூடுதல், வழியில் இரண்டு முறை வேலைக்குத் தகுதி வந்துவிடுகிறது. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் குடும்பத்துக்கு இந்த இரண்டு இடைநிறுத்தங்களின் மதிப்பு மிகப் பெரிது.

இந்த அமைப்பு நமக்குப் புதியதல்ல. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் 1857-இல் பள்ளியாகத் தொடங்கி 1880-இல் கல்லூரியாக உயர்ந்த மன்னர் கல்லூரி, அன்றைய வழக்கில் ஓர் இரண்டாம் நிலைக் கல்லூரி. அங்கே எஃப்.ஏ. என்ற இரண்டாண்டுப் படிப்பு வரைதான் இருந்தது; பின்னாளில் அதற்கு இன்டர்மீடியட் என்று பெயர். பி.ஏ. படிக்க வேண்டுமென்றால் வெளியூர் போக வேண்டும். ஆனால் அந்த இரண்டாண்டு முடித்தவருக்கு மேலே போகும் கதவு திறந்தே இருந்தது. முத்துலட்சுமி ரெட்டி நடந்த பாதை அதுதான். ஆண்கள் படிக்கும் கல்லூரியில் ஒரு பெண்ணா என்று எதிர்ப்பு எழுந்தபோது மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்தார். சொந்த ஊரில் வீட்டிலிருந்தபடியே இரண்டாண்டை முடித்த முத்துலட்சுமி, 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் மருத்துவரானார். ஊரில் ஒரு கல்லூரி இல்லையென்றால், அல்லது அங்கே முடித்த படிப்பைச் சென்னை ஏற்கவில்லையென்றால், அந்தப் பெண்ணின் கதை புதுக்கோட்டையிலேயே நின்றிருக்கும். அருகில் ஒரு கல்லூரி, அதன் படிப்புக்கு மேலே ஏற்பு: இரண்டும் சேர்ந்ததால்தான் அது நடந்தது.

அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி என்று இன்று சொல்லப்படுவதன் முதல் விதையும் இதே யோசனைதான். சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் ஜோலியட் ஊர் உயர்நிலைப் பள்ளியின் கண்காணிப்பாளரும் சேர்ந்து 1901-இல் ஆறு மாணவர்களோடு ஜோலியட் ஜூனியர் கல்லூரியைத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டாண்டுப் பாடத்தை ஊரிலேயே படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டுக்குப் பல்கலைக்கழகம் போவதுதான் திட்டம். நம் மாநிலத்தில் கதை வேறு திசையில் போனது. இன்டர்மீடியட் போய் ஐம்பதுகளின் நடுவில் ஓராண்டு பி.யூ.சி. வந்தது, 1978-இல் அதுவும் போய் பிளஸ் 2 பள்ளிக்கூடத்துக்குள் வந்தது. கிராமப் பிள்ளைகளுக்கு அதனால் பெரிய நன்மை. அறந்தாங்கியிலும் ஆலங்குடியிலும் பொன்னமராவதியிலும் இருக்கும் பள்ளியிலேயே அந்த இரண்டாண்டைப் படிக்க முடிந்தது. ஆனால் கல்லூரி என்ற பெயரோடு இருந்த இரண்டாண்டுப் படிப்பு மறைந்தபோது, இரண்டாண்டில் முடிவதும் உயர்கல்விதான் என்ற எண்ணமும் நம் மனத்திலிருந்து மறைந்தது.

அதை மீட்கும் முயற்சியும் இங்கே நடந்தது. பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் 1995-இல் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. அடுத்த ஆண்டு சென்னை மயிலைப் பேராயத்தின் சார்பில் மெட்ராஸ் சமுதாயக் கல்லூரி வந்தது. இயேசு சபைத் துறவியான சேவியர் அல்போன்ஸ் இந்த இயக்கத்தை நாடெங்கும் கொண்டுபோனார். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இத்தகைய கல்லூரிகளை அங்கீகரித்தது. இவை யாருக்காக என்பதில் தெளிவு இருந்தது: பள்ளியை நடுவில் விட்டவர்கள், பத்தாம் வகுப்பில் தவறியவர்கள், கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பின் மறுபடி படிக்க நினைக்கும் பெண்கள். வயது வரம்பு இல்லை, மதிப்பெண் தடை இல்லை. பாடத்திட்டமும் நன்றாகவே யோசித்து அமைத்தது. நாலு பேர் முன் பேசுவது, கணினியைத் தொடுவது போன்ற வாழ்க்கைத் திறன், ஒரு தொழில்திறன், பக்கத்து மருத்துவமனையிலோ பட்டறையிலோ கடையிலோ நேரடிப் பயிற்சி, கடைசியில் வேலைக்குத் தயார்ப்படுத்தல். பாடத்தை எழுதும்போதே அந்த ஊர் முதலாளிகளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். நம் கல்லூரிகள் இன்றுவரை முழுதாகக் கற்றுக்கொள்ளாத பாடம் அது.

அப்படியிருந்தும் சமுதாயக் கல்லூரி தமிழ்நாட்டில் ஏன் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராகவில்லை? என் பார்வையில் காரணம் ஒன்றுதான். அதன் டிப்ளமாவுக்கு மேலே படி இல்லை. ஓராண்டு படித்து நோயாளி பராமரிப்பில் டிப்ளமா வாங்கிய பெண்ணுக்கு வேலை கிடைத்தது. ஐந்து வருஷம் கழித்து நர்ஸ் ஆக வேண்டுமென்று ஆசைப்பட்டால், அந்தச் சான்றிதழைக் காட்டி எந்த நர்சிங் கல்லூரியிலும் ஒரு வருஷத்தைக்கூடக் குறைத்துக்கொள்ள முடியவில்லை; முதல் படியிலிருந்து மறுபடி ஏற வேண்டியிருந்தது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் (இக்னோ) 2009-இல் சமுதாயக் கல்லூரிகளை ஏற்கத் தொடங்கியது; சில ஆண்டுகளில் அந்தத் திட்டம் நின்றது. 2013-இல் பல்கலைக்கழக மானியக் குழு தன் திட்டத்தைக் கொண்டுவந்து, ஓராண்டில் டிப்ளமா, இரண்டாண்டில் உயர் டிப்ளமா, மூன்றாண்டில் பி.வோக். பட்டம் என்று படிக்கட்டுக்கு வரைபடம் போட்டது. வரைபடம் சரியானது. ஆனால் ஒரு கல்லூரி கொடுத்த மதிப்பை இன்னொரு கல்லூரி ஏற்றால்தான் அது படிக்கட்டு. அந்த ஏற்பு நம்மிடம் உறுதியாக இருப்பது பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. பக்கம்தான். ஆகவே சமுதாயக் கல்லூரியின் நல்ல மனத்தைத் தேடுகிறவர்கள் இன்றைக்கு அந்தப் பக்கம்தான் திரும்ப வேண்டும்.

படி இல்லாத இரண்டாண்டுப் படிப்பு எவ்வளவு காயப்படுத்தும் என்பதற்குத் தமிழ்நாடு ஒரு பெரிய உதாரணத்தைக் கண்டிருக்கிறது. ஆசிரியர் பயிற்சி டிப்ளமா இரண்டாண்டுப் படிப்பு. 2000-க்குப் பிறகு அதற்கான தனியார் நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. நகை அடகு வைத்துப் பெண்பிள்ளைகளைச் சேர்த்தார்கள். பணியிடம் அந்த வேகத்தில் பெருகவில்லை. பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. 2012-இல் நடந்த முதல் தேர்வில் எழுதியவர்களில் ஒரு விழுக்காட்டினர்கூடத் தேறவில்லை. படித்த பலருக்கு வேலையும் இல்லை, அந்த இரண்டாண்டை வேறொரு படிப்பில் கழித்துக்கொள்ள வழியும் இல்லை. பிறகு பல நிறுவனங்கள் மூடப்பட்டன. படிப்பு தரக்குறைவானது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆசிரியர் ஆகத்தான் வேண்டும் என்ற உறுதியோடு, தகுதித் தேர்வுக்கும் தயாராகிப் படிப்பவருக்கு அது இன்றும் நல்ல படிப்புதான். ஒரே ஒரு வாசல் மட்டும் உள்ள படிப்பில் கூட்டமாகச் சேர்ந்தால் அந்த ஒரு வாசல் அடைபடும்போது எல்லோரும் உள்ளேயே மாட்டிக்கொள்கிறார்கள் என்பதுதான் அதில் நமக்கான பாடம்.

அதனால், சேர்வதற்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, அந்த நிறுவனத்தில் முந்தைய ஆண்டு முடித்த ஒருவரின் சான்றிதழைக் கேட்டு வாங்கி மேசையில் விரித்துப் பார்ப்பது. கட்டடத்தையும் பஸ்ஸையும் பிறகு பார்க்கலாம். சான்றிதழின் தலையில் யார் பெயர் இருக்கிறது என்று படியுங்கள். ஐ.டி.ஐ. என்றால் தேசியத் தொழிற்சான்றிதழாக இருக்க வேண்டும். மாநில அளவிலான எஸ்.சி.வி.டி. சான்றும் உண்டு, அதை எந்தெந்த வேலைக்கு ஏற்பார்கள் என்று தனியாகக் கேட்டறியுங்கள். பாலிடெக்னிக் என்றால் மாநிலத் தொழில்நுட்பக் கல்விக் குழுமத்தின் பெயரும், கல்லூரிக்கு ஏ.ஐ.சி.டி.இ. அனுமதியும் வேண்டும். தலையில் ஏதோ ஓர் அறக்கட்டளையின் பெயரும், சர்வதேச என்று தொடங்கும் ஒரு நிறுவனத்தின் பெயரும், பொன்னிற முத்திரையும் மட்டும் இருந்தால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அடுத்து ஒரே கேள்வி: “இதை முடித்தால் எந்தப் படிப்பில் எத்தனையாம் ஆண்டில் சேரலாம்?” பதிலில் ஒரு படிப்பின் பெயரும் ஓர் ஆண்டின் எண்ணும் வர வேண்டும். “எங்க வேணும்னாலும் சேரலாம்” என்று பதில் வந்தால், எங்கும் சேர முடியாது என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது.

இரண்டாவது வேலை, பட்டறையைப் பார்ப்பது. ஒரு நல்ல ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவின் முதல் மாதங்களில் என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் எதைப் பார்ப்பது என்பது புரியும். கையகல இரும்புத் தகடு ஒன்றை வைஸில் இறுக்கிக் கொடுப்பார்கள். அரத்தால் அராவி அதன் ஒரு பக்கத்தைச் சமமாக்க வேண்டும். பிறகு அதை ஒட்டிய பக்கத்தைச் செங்கோணத்துக்குக் கொண்டுவர வேண்டும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால், மட்டத்துக்கும் தகட்டுக்கும் இடையில் மயிரிழை வெளிச்சம் தெரியும். மறுபடி அராவ வேண்டும். வெர்னியர் காலிப்பரில் அளவு பார்த்தால் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடக்குறைய இருக்கும். மறுபடி அராவ வேண்டும். உள்ளங்கை கொப்பளித்துக் காய்த்துப் போகும். கண்ணும் கையும் அளவுக்குப் பழகுவது இப்படித்தான். எந்த வீடியோவும் அதைத் தராது. ஆகவே பட்டறைக்குள் போய்ப் பாருங்கள். ஒரு மாணவருக்கு ஒரு வைஸ் இருக்கிறதா? லேத்துகள் ஓடுகின்றனவா, துணி போர்த்திக் கிடக்கின்றனவா? தரையில் இரும்புத் தூள் இருக்கிறதா? தூள் இருந்தால் வேலை நடக்கிறது. பளபளவென்று கழுவிவிட்ட தரையைக் கண்டு மயங்க வேண்டாம்.

நம் மாவட்டத்தில் அந்தக் கைப்பழக்கத்துக்கு விலை இருக்கிறது. பெல் நிறுவனத்தின் மின்நிலையக் குழாய்த் தொழிற்கூடம் 2013-இல் திருமயத்தில் திறக்கப்பட்டது. குழாயை அளந்து வெட்டி, வளைத்து, பற்றவைத்து, எக்ஸ்-ரே எடுத்துச் சோதிக்கும் வேலை அது. விராலிமலைப் பக்கத் தொழிற்கூடங்கள், திருச்சி பெல்லைச் சுற்றி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் எல்லாம் ஃபிட்டரையும் வெல்டரையும் தேடுகின்றன. ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம் படகுகளின் டீசல் எஞ்சினும், கிராமம்தோறும் ஓடும் ஆழ்குழாய் மோட்டாரும், ஆதனக்கோட்டை முந்திரி உடைக்கும் இடங்களில் நுழையும் இயந்திரமும் பழுது பார்க்க ஆள் கேட்கின்றன. சொந்தப் பட்டறை வைக்க நினைப்பவருக்குக் கடைசி மூன்றும் பெரிய வாய்ப்பு. மாநில அரசு டாடா டெக்னாலஜீஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களில் சி.என்.சி., ரோபாட்டிக்ஸ் போன்ற நவீனப் பிரிவுகளைக் கொண்டுவந்திருக்கிறது. நீங்கள் விண்ணப்பிக்கும் நிலையத்தில் அவற்றில் எவை உண்டு என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருவோம். நம் மண்ணில் மிகக் கனமான எதிர்வாதம் இது: ஏழைப் பிள்ளைக்கும் தாழ்த்தப்பட்ட பிள்ளைக்கும் மட்டும் தொழில் கற்றுக்கொள் என்று சொல்வது, வேறு பெயரில் குலக்கல்விதானே? 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் பிள்ளை பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் அப்பன் தொழிலிலும் இருக்க வேண்டும் என்றிருந்தது. தமிழ்நாடு கொதித்தெழுந்தது, 1954-இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அந்தக் கோபம் நியாயமானது, இன்றும் தேவையானது. ஆனால் அந்தத் திட்டத்தில் எது கொடுமை என்று துல்லியமாகப் பார்க்க வேண்டும். பிள்ளையின் தொழிலைப் பிறப்பு முடிவு செய்தது; அந்தத் தொழிலிலிருந்து மேலே போக வழி வைக்கவில்லை. சவரத் தொழிலாளியின் மகள் எலக்ட்ரீசியன் பிரிவில் சேர்ந்து, டிப்ளமா முடித்து, உதவிப் பொறியாளர் ஆகும் வழி அதற்கு நேர் எதிரானது. குலக்கல்வியைச் சரியாக அடையாளம் காணவும் அதே இரண்டு கேள்விகள்தான்: நானே தேர்ந்தெடுத்தேனா? மேலே வழி இருக்கிறதா? பள்ளியில் ஓர் ஆசிரியர் பிள்ளையின் சாதியையோ வீட்டு வறுமையையோ மனத்தில் வைத்து “உனக்கு ஐ.டி.ஐ. போதும்” என்று சொன்னால், அதை ஏற்காதீர்கள். மதிப்பெண்ணும் விருப்பமும் உள்ள பிள்ளையை நேராகப் பொறியியலுக்கோ மருத்துவத்துக்கோ அனுப்புவதுதான் சரி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அங்கே 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு இருப்பது அதற்காகத்தான்.

இரண்டாவது எதிர்வாதம் அமெரிக்காவிலிருந்தே வருகிறது, அதை மறைக்கக்கூடாது. சமூகவியலாளர் பர்ட்டன் கிளார்க் 1960-இல் ஒரு கட்டுரை எழுதினார். இரண்டாண்டுக் கல்லூரி, பட்டக் கனவோடு வரும் ஏழைப் பிள்ளையின் ஆசையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆறவைத்து, சிறிய இலக்கோடு திருப்பி அனுப்பிவிடுகிறது என்பது அவர் கண்டது. இன்றைய கணக்கும் அதற்குச் சாதகமாகவே இருக்கிறது. அங்கே சமுதாயக் கல்லூரியில் சேர்பவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர்தான் நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுகிறார், பட்டம் முடிப்பவர் இன்னும் குறைவு. படி கட்டியிருந்தாலும் எல்லோரும் ஏறுவதில்லை என்பது உண்மை. நம் ஊரில் ஏறாமல் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் கணக்குப் பாடம். டிப்ளமாவிலிருந்து பி.இ. இரண்டாம் ஆண்டில் போய் உட்காரும் மாணவருக்கு, மற்றவர்கள் முதலாண்டு முழுக்கப் படித்துவிட்ட கணிதம் தெரிந்திருக்கும் என்று எண்ணியே வகுப்பு நடக்கும். மூன்றாம் செமஸ்டரில் கணக்கில் விழும் அரியர் கடைசி வரை துரத்தும். இதற்கு மருந்து உண்டு: டிப்ளமாவின் கடைசி ஆண்டிலேயே பி.இ. முதலாண்டுக் கணிதப் புத்தகத்தை வாங்கி, வகையீடு, தொகையீடு, அணிகள் இந்த மூன்றையும் போட்டுப் பழக வேண்டும். சேர்க்கைக்கும் வகுப்பு தொடங்குவதற்கும் இடையிலுள்ள வாரங்களைக் கணக்குக்கே கொடுக்க வேண்டும். கல்லூரிகள் இந்த இடைப் பயிற்சியைத் தாமே நடத்த வேண்டும் என்று பெற்றோர் கேட்க வேண்டும், கேட்காததால்தான் நடப்பதில்லை.

மூன்றாவது, வீட்டில் எழும் வாதம்: “டிகிரி இல்லேன்னா கவர்ன்மென்ட் வேலையும் இல்ல, நல்ல சம்பந்தமும் இல்ல.” முதல் பாதி பாதி உண்மை. குரூப் 2 போன்ற தேர்வுகளுக்குப் பட்டம் வேண்டும். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும். டிப்ளமா, ஐ.டி.ஐ. தகுதிக்கென்றே டி.என்.பி.எஸ்.சி. ஒருங்கிணைந்த தொழில்நுட்பப் பணிகள் தேர்வு நடத்துகிறது. ரயில்வேயில் உதவி லோகோ பைலட், டெக்னீஷியன் இடங்களுக்கு ஐ.டி.ஐ. தகுதி, ஜூனியர் இன்ஜினியருக்கு டிப்ளமா தகுதி. கலை, அறிவியல் பட்டதாரி ஒருவர் இந்தத் தேர்வுகள் பலவற்றுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. மேலும், டிப்ளமா முடித்தவர் பிற்பாடு பட்டமும் படிக்கலாம். பத்தாம் வகுப்புக்குப் பின் மூன்றாண்டு டிப்ளமா, அதன் பின் மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசை அரசுப் பணிக்கு ஏற்கப்படுகிறது. பத்தாம் வகுப்போடு இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்து, மொழிப்பாடத் தேர்வுகளையும் எழுதித் தேறினால் பிளஸ் 2-வுக்கு இணையாக ஏற்கும் வசதியும் தமிழ்நாட்டில் இருக்கிறது. ஐ.டி.ஐ. சேர்ந்த அன்றே அந்த மொழித் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிப்பது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பலர் இதை விட்டுவிட்டுப் பத்து வருஷம் கழித்து அலைகிறார்கள். சம்பந்தத்தைப் பற்றி: கையில் வேலையோடு இருக்கும் பெண்ணுக்கு வரும் மரியாதை, அரியரோடு வீட்டிலிருக்கும் பட்டதாரிக்கு வருவதில்லை. பெற்றோர் இதைத் தம் தெருவிலேயே பார்த்திருப்பார்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் படிப்பை முடிவு செய்வது பல நேரங்களில் தூரம்தான். 2011 கணக்கெடுப்பின்படி புதுக்கோட்டை மாவட்டத்தில் 1,000 ஆண்களுக்கு 1,015 பெண்கள். இந்த மாவட்டத்துப் பெண்கள் 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள். கல்குவாரித் தொழிலாளிகளும் விவசாயக் கூலிகளும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஏறினார்கள். எழுத்தறிவுக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்குக் கேட்டவர்களுக்குப் பதில் எளிது: தானே போய் வர முடிந்தால்தான் கற்றது பயன்படும். இன்றைக்கு அதே கேள்வி பஸ் வடிவில் நிற்கிறது. மணமேல்குடியிலோ ஆவுடையார்கோவிலிலோ இருக்கும் பெண்ணுக்கு அறந்தாங்கி அரசு பாலிடெக்னிக் எட்டும் தூரம். கறம்பக்குடிப் பக்கத்துக்குக் கந்தர்வகோட்டை அரசு பாலிடெக்னிக். குளத்தூர், இலுப்பூர்ப் பக்கத்துக்கு விராலிமலை, புதுக்கோட்டை அரசு ஐ.டி.ஐ.கள். சேரும் முன் ஒரு நாள், கல்லூரி நேரத்துக்கே பஸ்ஸில் போய் வந்து பாருங்கள். பட்டறை வகுப்பு முடியும் நேரத்துக்குப் பின் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் கேளுங்கள். அந்தப் பதில்தான் பல பெண்களின் மூன்றாண்டைத் தீர்மானிக்கிறது.

செலவு இங்கே தடை ஆகக்கூடாது. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், சைக்கிள், சீருடை, பாடநூல், பஸ் பாஸும் உண்டு. அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பு முதல் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. இவை பட்டப் படிப்புக்கு மட்டும் என்று எண்ணிப் பலர் விண்ணப்பிப்பதே இல்லை, டிப்ளமாவுக்கும் ஐ.டி.ஐ.க்கும் இவை பொருந்தும். கல்லூரியிலேயே இதற்கான பொறுப்பு ஆசிரியர் இருப்பார், வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். ஐ.டி.ஐ.யில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை, ஆண்கள் 40 வயது வரை சேரலாம். முப்பது வயதில் இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான ஒரு பெண் மறுபடி படிக்க நினைத்தால், சமுதாயக் கல்லூரி எதை வாக்களித்ததோ அது இங்கே கிடைக்கிறது, மேலே படியோடு.

படிப்பு முடிந்ததும் ஓராண்டு அப்ரென்டிஸ் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் பயிற்சியாளர்களை எடுத்தாக வேண்டும். 2019-இல் திருத்திய விதிப்படி டிப்ளமா முடித்தவருக்கு மாதம் குறைந்தது 8,000 ரூபாய் என்று வைத்தார்கள். சேரும்போது நடப்புத் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். அப்ரென்டிஸ் முடித்தால் அதே நிறுவனத்தில் வேலை நிச்சயம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அடுத்த நேர்காணலில் “அனுபவம் இருக்கிறதா?” என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு தாள் கையில் இருக்கும். வேலைக்குப் போவதா, பி.இ. சேர்வதா என்று தயங்குபவர்கள் வீட்டு நிலையைப் பார்த்து முடிவெடுங்கள்; முதலில் வேலை, பிறகு படிப்பு என்று போனாலும் குற்றமில்லை. ஓராண்டு வேலை பார்த்தவருக்குப் பி.இ. பாடம் வேறு வெளிச்சத்தில் புரியும்.

பி.இ. நேரடி இரண்டாமாண்டுச் சேர்க்கைக்கான கலந்தாய்வை மாநிலம் முழுமைக்கும் ஒருங்கிணைத்து நடத்துவது காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி. விண்ணப்பம் இணையவழிதான். அனுமதிக்கப்பட்ட இடங்களில் ஒரு பங்கும், முதலாண்டில் நிரம்பாமல் போன இடங்களும் இதில் வரும். டிப்ளமா கடைசி செமஸ்டர் எழுதும்போதே அறிவிப்பைக் கவனியுங்கள், கடைசி தேதி நழுவினால் ஒரு வருஷம் போய்விடும். சான்றிதழிலோ சாதிச் சான்றிலோ சந்தேகம் இருந்தால் புரோக்கரிடம் போகாமல் அந்தக் கல்லூரிக்கே நேரில் போய்க் கேளுங்கள். புதுக்கோட்டையிலிருந்து திருமயம் வழியாகக் காரைக்குடிக்கு ஒரே பஸ்.